கிளாம்ப் மீட்டர்: பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பி வாங்காதீர்கள்

ஒயரைக் கவ்விப் பிடித்தே அதில் ஓடும் மின்சாரத்தை ஆம்பியரில் அளக்கும் கருவி கிளாம்ப் மீட்டர். "வீட்டுக்கு 600 ஆம்பியர் மீட்டர் போதுமா, 1000 ஆம்பியர் வாங்கட்டுமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: உங்கள் வீட்டில் எது 600 ஆம்பியர் இழுக்கிறது? 2000 வாட் வாட்டர் ஹீட்டரே 230 வோல்ட்டில் 9 ஆம்பியரைத் தொடுவதில்லை. ஓடும் ஃபிரிட்ஜ் ஓர் ஆம்பியரை ஒட்டி இருக்கும். வீட்டில் அளக்க வேண்டியவை சின்ன எண்கள்தாம். பெரிய மீட்டர்கள் தடுமாறுவதும் அங்கேதான்.

கையேட்டில் துல்லியம் "±2% + 5 இலக்கம்" என்பதுபோல் இருக்கும். எல்லோரும் சதவீதத்தைப் பார்க்கிறார்கள். நம்மைக் கவிழ்ப்பது அந்த 5 இலக்கம். மீட்டர் 0.1 ஆம்பியர் படியில் காட்டினால், 5 இலக்கம் என்பது அரை ஆம்பியர். ஓர் ஆம்பியர் ஃபிரிட்ஜை அளக்கையில் அரை ஆம்பியர் பிழை வரலாம் என்றால், அளந்து என்ன பயன்? 40 அல்லது 60 ஆம்பியர் வரம்பில் 0.01 படியில் காட்டும் மீட்டரைத் தேடுங்கள்.

அடுத்தது ட்ரூ ஆர்எம்எஸ், அதாவது மின்சார அலை சீராக இல்லாவிட்டாலும் சரியாக அளக்கும் வசதி. எல்இடி விளக்கு, கணினி, சார்ஜர் போன்றவை மின்சாரத்தைச் சீரான அலையாக இழுப்பதில்லை. சாதாரண மீட்டர் அங்கே 30, 40 சதவீதம்கூடக் குறைத்துக் காட்டக்கூடும். கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்வெர்ட்டர் பேட்டரியோ சோலார் பேனலோ இருந்தால் டிசி ஆம்பியரும் அளக்கும் மீட்டர் தேவை. 'ஏசி/டிசி' என்ற குறி வோல்ட்டுக்கு மட்டும்தானா, ஆம்பியருக்கும் சேர்த்தா என்று பாருங்கள். பலர் ஏமாறும் இடம் இது. ஏசி ஆம்பியர் மட்டும் அளக்கும் மீட்டர், டிசி பாயும் ஒயரில் பூஜ்யம் காட்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 900 வாட் எடுத்தால் 75 ஆம்பியருக்கு மேல் ஓடும். வீட்டில் பெரிய வரம்பு உதவுவது இங்கே மட்டும்தான்.

பாதுகாப்பில் பேரம் கிடையாது. மெயின் போர்டில் பயன்படுத்த கேட் 3 (CAT III என்று மீட்டரில் அச்சிட்டிருக்கும் பாதுகாப்புப் பிரிவு), 600 வோல்ட் தரம் வேண்டும். கூடவே வரும் டெஸ்ட் ஒயர்களிலும் அதே குறி இருக்க வேண்டும். போர்டு மூடியைத் திறப்பதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

புது மீட்டர் பழுது என்று கொண்டுவருபவர்களில் பலர், பேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளை அப்படியே கவ்வ வைத்திருப்பார்கள். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் பூஜ்யம்தான் வரும். பேஸ் ஒயரை மட்டும் கவ்வ வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கவ்வியும் எண் வந்தால் மின்கசிவு இருக்கலாம். ஆனால் 30 மில்லிஆம்பியர் கசிவை வீட்டு மீட்டரில் தேடாதீர்கள். அதற்கென்று லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் தனியாக உண்டு.

இன்னொன்று: ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கி மின்கட்டணம் கணக்கிடுவது ஹீட்டருக்குச் சரி. மோட்டார் உள்ள சாதனங்களில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) குறுக்கிடுவதால் கணக்கு உண்மையைவிட அதிகமாகவே வரும். யூனிட் தெரிய வேண்டுமானால் பிளக்கில் செருகும் எனர்ஜி மீட்டரை வாங்குங்கள்.