சீக்வென்சர்: தமிழில் இசைநிரலி

எந்தச் சுரம், எப்போது தொடங்கி, எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகளைக் காலவரிசையில் சேமித்து, அந்தந்தக் கணத்தில் கணினிக்கோ சிந்தசைசருக்கோ அனுப்பி வாசிக்க வைப்பது சீக்வென்சர். தனிப்பெட்டியாகவும் இருக்கலாம், மென்பொருளாகவும் இருக்கலாம். அதற்கென்று சொந்தக் குரல் கிடையாது. ஒலி எழுப்புவது சிந்தசைசரின் வேலை. ஒலியைப் பதிவது ரெக்கார்டரின் வேலை. இன்றைய மென்பொருள்கள் மூன்றையும் ஒரே திரையில் காட்டுவதால் மூன்றும் ஒன்று என்ற குழப்பம் வந்துவிட்டது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'செக்வி' என்றால் பின்தொடர்தல்; அதிலிருந்து பிறந்தது 'செக்வென்ஷியா'. இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களில், திருப்பலியின்போது அல்லேலூயாவைத் தொடர்ந்து பாடிய பாடலுக்கு அதுவே பெயர். ஆகவே இந்தச் சொல் மின்கருவிகளோடு இசைக்குள் வந்ததல்ல. ஆயிரம் ஆண்டுகளாகவே இசையோடு புழங்கிவருகிறது.

கருவிக்கு அது பெயரானது 1960களில். மூக் நிறுவனத்தின் 960 என்ற பெட்டியில் எட்டு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று திருகுகள். ஒரு திருகு தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். எட்டு நிலையும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சுற்றலாம். 1977இல் ரோலண்ட் எம்சி-8 வந்தபோது சுரத்தையும் கால அளவையும் எண்களாகவே தட்டி உள்ளிட முடிந்தது. 1983இல், மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேச உதவும் மிடி பொதுமொழியானபின், ஒரு நிறுவனத்தின் சீக்வென்சர் இன்னொரு நிறுவனத்தின் கருவியை வாசிக்கத் தொடங்கியது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தொடரி' வேருக்கு நெருக்கம்தான், ஆனால் அதை ரயில் பிடித்துக்கொண்டது. 'வரிசைப்படுத்தி' பொருந்தாது. வரிசைப்படுத்துவது என்றால் கலைந்து கிடப்பதைச் சிறியது பெரியது பார்த்து அடுக்குவது. சீக்வென்சர் எதையும் அடுக்குவதில்லை, இசையமைப்பவர் வைத்த ஒழுங்கைக் காப்பாற்றி நிறைவேற்றுகிறது. 'சுரவரிசைக் கருவி' இதைவிட மேல். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை என்று வரிசைக்கு நம் இசையில் நல்ல இடம் உண்டு. ஆனால் சுரமே இல்லாத தாளக் கருவிகளையும் சீக்வென்சர் ஓட்டுகிறதே.

எங்கள் தேர்வு இசைநிரலி. நிரல் என்றால் ஒழுங்காக நிற்பது. நிகழ்ச்சி நிரலில் எது எப்போது என்பது இருக்கிறது. கணினி நிரலில் நிறைவேற்றும் கட்டளை இருக்கிறது. சீக்வென்சருக்கு இரண்டும் வேண்டும். இலக்கணத்தில் 'நிரல்நிறை' என்பது இன்னும் நெருக்கமானது: "அன்பும் அறனும் உடைத்தாயின்" குறளில் அன்புக்குப் பண்பும் அறத்துக்குப் பயனும் வரிசை மாறாமல் பொருந்துவதுபோல, சுரங்களின் நிரலும் நேரங்களின் நிரலும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பதே இந்தக் கருவியின் உயிர். ஒலிப்பதிவுக் கூடங்களில் 'புரோகிராமிங்' என்று சொல்லிவருவதையும் இந்தச் சொல் தாங்கிக்கொள்கிறது.

அந்தப் பொருத்தம் எங்கே நழுவும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பல இசைநிரலிகள் தாளத்தின் ஒரு தட்டை 480 டிக்குகளாக, அதாவது மிகச் சிறு கால அலகுகளாகப் பிரிக்கின்றன. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு டிக் ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. தட்டை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில் சுரத்துக்கு 160, நான்காக்கும் சதுஸ்ரத்தில் 120, ஐந்தாக்கும் கண்டத்தில் 96 டிக் என்று கணக்கு சரியாக வரும். ஏழாக்கும் மிஸ்ரத்தில் உடையும்: 480ஐ ஏழால் வகுத்தால் 68.57. ஒவ்வொரு சுரத்துக்கும் 69 வைத்து நகலெடுத்தால் ஒரு தட்டுக்கு 3 டிக் மிகும். எட்டுத் தட்டு ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனத்தில் (சுற்றில்) 24 டிக், அதாவது 25 மில்லிநொடி பின்தங்கும். அடுத்தடுத்த ஆவர்த்தனங்களில் மிருதங்கமும் பாட்டும் பிரிவது காதிலேயே தெரியும். 69, 68, 69, 69, 68, 69, 68 என்று வைத்தால் கூட்டு 480. அதைவிடச் சுத்தமான வழி, அந்தப் பகுதிக்கு மட்டும் தாள அளவை 7/16 ஆக்கி, சுரத்துக்கு 120 டிக் கொடுத்து, வேகத்தை 120இலிருந்து 210க்கு ஏற்றுவது. ஒரு தட்டின் நேரம் அதே அரை நொடியாகவே இருக்கும். எப்படிச் செய்தாலும் மிஸ்ரம் வரும் இடத்தில் குவாண்டைஸை, அதாவது சுரங்களை அருகிலுள்ள காலக் கட்டத்துக்கு இழுத்து வைக்கும் வசதியை, நான்கின் கட்டத்தில் ஓட்டாதீர்கள். ஏழு சுரங்களில் சில ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும்.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு உதவுவது, சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் என்ற மிடிக் கட்டளை. அதில் 0 முதல் 16383 வரை மதிப்புகள், நடு 8192. பெரும்பாலான கருவிகளில் தொடக்க எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். பன்னிரண்டு அரைச்சுரத்துக்குக் கணக்கிட்டு எழுதிய ஜாருவை (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதை) அந்தக் கருவியில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்குதான் வளையும். பெண்ட் ஒரு சேனல் (மிடியில் ஒரு கருவிக்கான தடம்) முழுவதையும் வளைப்பதால், சுருதியும் பாட்டும் ஒரே சேனலில் இருந்தால் சுருதியும் சேர்ந்து ஆடும், பிரித்து வையுங்கள். பாதி வளைவில் நிறுத்தினால் அடுத்த முறை சுரம் விலகியே தொடங்கும். கோப்பின் முதல் டிக்கிலேயே 8192 எழுதி வைப்பது இதற்கு மருந்து.

இன்னொரு வழுக்கல், எண்ணும் முறையில். பொது மிடிப் பட்டியலில் சித்தார் 105ஆவது கருவி. சில மென்பொருள்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அங்கே 104 இட வேண்டும். 105 இட்டால் பாஞ்சோ ஒலிக்கும்.

வினையாகச் சொல்ல 'நிரலிடு' போதும்: "பல்லவிக்குத் தாளத்தை நிரலிட்டாயிற்று, சரணத்துக்கு இன்னும் இல்லை." நிலை நிலையாகச் சுற்றும் பழைய வகைக்குப் 'படிநிரலி', தாளத்துக்கென்றே உள்ளதற்குத் 'தாளநிரலி'. நிரலிட்ட கோப்பை இசைநிரல் என்றும் ஓட்டும் கருவியை இசைநிரலி என்றும் பிரித்துச் சொன்னால், ஆங்கிலத்தில் சீக்வென்ஸுக்கும் சீக்வென்சருக்கும் உள்ள வேறுபாடு தமிழிலும் நிற்கும்.