எந்த வகுப்புக்கு டீச்சர்? அதை முடிவு செய்த பிறகு பட்டத்தைத் தேடுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு "டீச்சர் ஆகணும்னா என்ன படிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 'டீச்சர் வேலை' என்று ஒரே வேலை கிடையாது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியர், ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர், பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர். மூன்றுக்கும் படிப்பு வேறு, தேர்வும் வேறு. எந்த வகுப்புக்குப் போகப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தப் பணிக்கான அறிவிக்கையில் கேட்கும் தகுதியிலிருந்து பின்னோக்கி வந்து படிப்பைத் தேட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

தொடக்கப் பள்ளிதான் விருப்பம் என்றால் பிளஸ் டூவில் 50 சதவீதம் எடுத்து (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு) இரண்டு ஆண்டு டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பு) படிக்க வேண்டும், பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் முதல் தாள். "பி.எட். அதைவிடப் பெரிய படிப்பாச்சே, அதை முடிச்சவங்க ஒண்ணாங்கிளாஸ் எடுக்கக் கூடாதா?" என்று பெற்றோர் கேட்பார்கள். கொஞ்ச காலம் எடுக்கலாம் என்றுதான் இருந்தது. 2018 ஜூனில், ஆசிரியர் படிப்புகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பான என்.சி.டி.இ. அதற்கு அனுமதி தந்தது; பணியில் சேர்ந்த பிறகு ஆறு மாத இணைப்புப் படிப்பை முடித்தால் போதும் என்றது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. இனி பி.எட். மட்டும் வைத்துக்கொண்டு தொடக்கப் பள்ளிப் பணிக்குப் போக முடியாது.

இதைச் சிலர் வெறும் சட்டச் சிக்கலாகப் பார்க்கிறார்கள். வகுப்பறையில் காரணம் தெரியும். 42-இல் 17 போனால் 35 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. இது கவனக்குறைவு அல்ல. இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழில் இரண்டைக் கழித்துவிட்டது. பத்தை உடைத்து ஒன்றுகளாக்கலாம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. தீக்குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்டினால் புரிந்துகொள்ளும். "கடன் வாங்கு" என்று சூத்திரம் சொன்னால் புரியாது. இந்த மாதிரித் தவறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும், எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித் தரவும்தான் டி.எல்.எட். பி.எட்.டின் கவனம் ஒரு பாடத்தை மேல் வகுப்புகளில் எப்படி நடத்துவது என்பதில் இருக்கிறது.

ஆறு முதல் பத்து வரையிலான பணியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஏதாவது ஒரு டிகிரி, மேலே இரண்டு ஆண்டு பி.எட்., அதோடு டெட் இரண்டாம் தாள் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த 'ஏதாவது'தான் பிரச்சினை. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் முக்கியமாகத் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகியவற்றுக்குத்தான். பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ., பொருளியல் முடித்தவர்களுக்கு இந்த நிலையில் பணியிடம் இல்லை. பி.காம். படித்தவர் எம்.காம்., பி.எட். இரண்டையும் முடித்து மேல்நிலை வகுப்புக்குத்தான் போக முடியும். இது தெரியாமலே பி.காம். முடித்த கையோடு பி.எட். சேருகிறவர்கள் நிறைய.

அடுத்த கண்ணி, பட்டத்தின் பெயர். 'கணிதம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கணினிப் பயன்பாட்டுடன் கணிதம்' என்றோ, 'வேதியியல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தொழிற்சாலை வேதியியல்' என்றோ இருந்தால், அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நின்றுகொண்டு இணைத்தன்மை அரசாணையைத் தேடுவது கொடுமை. கல்லூரியில் சேரும் முன்பே அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கவர்ச்சியான புதுப் பெயர்ப் பட்டத்தைவிடப் பழைய, சாதாரணப் பெயர்தான் ஆசிரியர் வேலைக்கு நல்லது என்பது என் கருத்து.

டெட் தேறினாலும் வேலை உறுதியில்லை. 2018 அரசாணைக்குப் பிறகு டெட் என்பது தகுதி மட்டும்தான், ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் போட்டித் தேர்வைத் தனியாக எழுத வேண்டும். டெட்டில் 150 கேள்விகள். பொதுப் பிரிவினர் 90 எடுக்க வேண்டும். தனியார் பள்ளிதானே, டெட் எதற்கு என்பதும் தப்புக் கணக்கு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் இருப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது.

பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புக்கு டெட் தேவையில்லை. முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். இளநிலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம் என்று தாவியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, ஆங்கிலம் பிடிக்கும் என்று எம்.ஏ. ஆங்கிலம் போவதற்கு முன் பழைய டி.ஆர்.பி. அறிவிக்கை ஒன்றை எடுத்துத் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். அதேபோல் பள்ளிப் படிப்பு, பட்டம், முதுகலை என்ற வரிசையும் மாறக் கூடாது. பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் இந்தப் பணிக்கு உதவாது.

மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிக் கனவு இருந்தால் கணக்கே வேறு. அங்கே ஆறு முதல் பத்து வரை எடுக்கும் டி.ஜி.டி. (பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியர்) பணிக்குப் பாடச் சேர்க்கையைப் பார்ப்பார்கள். சமூக அறிவியலுக்கு வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் நான்கில் இரண்டு படித்திருக்க வேண்டும். அதில் ஒன்று வரலாறோ புவியியலோ ஆக இருக்க வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளில் ஒரே முதன்மைப் பாடம். துணைப்பாடம் சில பருவங்களோடு முடிந்துவிடும். அதை எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று மதிப்பெண் பட்டியலில் எண்ணுவார்கள்.

பள்ளி முடித்தவுடனே முடிவு தெளிவாக இருந்தால் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பு (ஐ.டி.இ.பி.) ஒரு ஆண்டை மிச்சப்படுத்தும். இதற்கு என்.சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு உண்டு. சேரும் படிப்பு எந்த வகுப்பு நிலைக்கானது என்று கட்டாயம் கேளுங்கள். பழைய பி.ஏ.பி.எட்., பி.எஸ்சி.பி.எட். படிப்புகளை என்.சி.டி.இ. இதற்கு மாற்றி வருவதால், சேரும் ஆண்டில் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கல்லூரி எதுவானாலும் அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். பி.எட்.டில் ஒரு யூனிட்டுக்கு 50 இடங்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் சேர்த்தால் அந்தக் கூடுதல் மாணவர்களுக்குத்தான் தலைவலி. "வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாங்க" என்று சொல்லும் இடத்திலிருந்து விலகி வந்துவிடுங்கள். விதிப்படி பாடங்களுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். பயிற்சி மொத்தம் 20 வாரம். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். அந்த 16 வாரத்தை நிஜமாகவே பள்ளியில் கழித்தவரா, பதிவேட்டில் மட்டும் கழித்தவரா என்பது, முதல் நாள் கரும்பலகை முன் நின்று சாக்பீஸைக் கையில் எடுக்கும்போதே எதிரே உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும்.