ஹெச்-இன்டெக்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவரை மேடையில் அறிமுகப்படுத்தும்போது இப்போதெல்லாம் படிப்பு, பதவியோடு ஓர் எண்ணும் சேர்ந்து வருகிறது: 'ஹெச்-இன்டெக்ஸ் 40'. எதில் நாற்பது என்று யாரும் சொல்வதில்லை, கேட்பவர்களும் பெரிய எண் போலிருக்கிறது என்று கைதட்டிவிடுகிறார்கள்.

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் ஆதாரமாகச் சுட்டி எவ்வளவு எடுத்தாண்டார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்லும் இந்தக் கணக்கை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து இயற்பியலாளர். மருத்துவத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. முதலில் ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை, பிறர் அதிகம் எடுத்தாண்டது முதலில் வரும்படி வரிசைப்படுத்த வேண்டும். எடுத்தாண்ட எண்ணிக்கை தன் வரிசை எண்ணுக்குக் குறையாத கடைசிக் கட்டுரை எத்தனையாவதோ, அதுவே அவருடைய ஹெச்-இன்டெக்ஸ். வலிப்பு நோய் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகள் முறையே 60, 41, 22, 9, 6, 5 தடவை எடுத்தாளப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாம் கட்டுரைக்கு 6 இருக்கிறது, ஐந்துக்குக் குறையவில்லை. ஆறாம் கட்டுரைக்கு 5-தான், ஆறை எட்டவில்லை. ஆகவே அவருடைய எண் 5. முதல் கட்டுரையின் 60 நாளை 6,000 ஆனாலும் அந்த ஐந்து அசையாது.

'இன்டெக்ஸ்' என்பதற்கு லத்தீனில் சுட்டிக்காட்டுவது என்று பொருள். ஆள்காட்டி விரலுக்கும் அதுவே பெயர். நம் 'சுட்டுவிரல்' அப்படியே பொருந்துவதால் 'சுட்டெண்' என்ற சொல் நன்றாக உட்காருகிறது. விலைவாசிக்குப் பழகிய 'குறியீட்டெண்'ணும் தவறில்லை. 'அட்டவணை' மட்டும் வேண்டாம், அது வேறு பொருளுக்கு இழுத்துப்போகும். முன்னால் உள்ள 'ஹெச்' ஹிர்ஷின் பெயரை நினைவூட்டுவதால் அதை அப்படியே விட்டு 'ஹெச்-சுட்டெண்' என்று எழுதலாம்.

சிக்கல், இப்படி எடுத்தாள்வதைக் குறிக்கும் 'சைட்டேஷன்' என்ற சொல்லில். அதன் வேரான லத்தீன் 'சிட்டாரே'வுக்கு அசைத்து எழுப்புதல், அழைத்தல் என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் அது நீதிமன்ற அழைப்பாணையைக் குறித்தது. ஆய்வுலகத்துக்கு இந்த எண்ணும் வழக்கம் வந்ததும் வக்கீல்களிடமிருந்துதான். எந்தத் தீர்ப்பைப் பிந்தைய எந்தத் தீர்ப்பு எடுத்தாண்டது என்று தொகுக்கும் 'ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ்' அமெரிக்காவில் 1873-இல் தொடங்கியது. அதைப் பார்த்துத்தான் தகவலியல் அறிஞர் யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் அறிவியலுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று எழுதினார். 1960-களில் செய்தும் காட்டினார்.

தமிழில் இதற்கு 'மேற்கோள்' என்று எழுதிப் பழகிவிட்டோம். பழைய நூல்களில் அந்தச் சொல்லின் வேலை வேறு: சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும்போது மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. நன்னூல் உத்திகளில் வரும் 'பிறன்கோட் கூறல்', அதாவது பிறர் கொள்கையை எடுத்துச் சொல்வது, இன்றைய பொருளுக்கு இன்னும் நெருக்கம். இன்றைய பேச்சில் மேற்கோள் என்றால் அடுத்தவர் வரியை அப்படியே தருவது. ஆய்வுக்கட்டுரையிலோ ஒரு வரியும் தராமல் ஆதாரத்தைச் சுட்டிவிட்டு நகர்ந்தாலும் கணக்கில் ஒன்று ஏறும். அதனால் 'எடுத்தாளல்' என்பதே எனக்குப் பிடித்தது. 'இந்தக் கட்டுரை 300 முறை எடுத்தாளப்பட்டுள்ளது' என்றால் யாருக்கும் புரியும்.

இந்த எண் எதைக் காட்டாது என்பதற்குக் குழந்தை வலிப்புத் துறையிலேயே நல்ல சான்றுகள் உண்டு. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜில் மருத்துவம் பார்த்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், ஒரு வயதை நெருங்கிய தம் மகனுக்கு வரும் விசித்திரமான வலிப்பைப் பற்றி 1841-இல் 'லான்செட்' மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். தலை முழங்காலை நோக்கி வணங்குவதுபோல் சட்டெனக் குனியும், நிமிரும், அடுத்தடுத்துப் பலமுறை இப்படியே நடக்கும் என்று விவரித்து, யாருக்காவது வழி தெரியுமா என்று மற்ற மருத்துவர்களைக் கேட்டார். அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். அந்த ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அவருடைய ஹெச்-சுட்டெண் ஒன்றைத் தாண்டாது.

பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஷார்லட் டிராவே 1978-இல் பிரெஞ்சு இதழொன்றில், பிறந்த முதல் ஆண்டிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு தொடங்கும் ஒரு கடுமையான வலிப்பு நோயைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். 2001-இல் ஆன்ட்வெர்ப் ஆய்வாளர்கள் அதற்குக் காரணமாக எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் மாற்றத்தைக் கண்டார்கள். வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் கார்பமசெபின், லாமோட்ரிஜின் போன்ற மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு நோயைக் கூட்டிவிடலாம். ஆகவே நோயின் பெயரைச் சரியாகச் சொல்வதில்தான் சிகிச்சையே தொடங்குகிறது. ஆனால் 'டிராவே நோய்த்தொகை' என்பது பாடப்புத்தகச் சொல்லான பிறகு, முதல் கட்டுரையைத் தேடிச் சுட்டப் பலருக்கும் தேவையிருப்பதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'உள்வாங்கப்பட்டு மறைதல்' எனலாம். பெயர் எல்லார் வாயிலும் புழங்கும், எண்ணில் மட்டும் சேராது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வகைப்பாட்டுக் கட்டுரையை இத்துறையில் எழுதுவோர் ஆயிரக்கணக்கில் எடுத்தாண்டுவிட்டார்கள். அதை எழுதியவர்களின் ஹெச்-சுட்டெண்ணில் அதுவும் ஒரே ஒரு கட்டுரைதான்.

'இம்பேக்ட் ஃபேக்டர்' இதோடு அடிக்கடி குழம்புகிறது. அது ஆளுக்கல்ல, இதழுக்கான எண்: ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை தடவை எடுத்தாளப்பட்டன என்பது. 'தாக்கக் காரணி' என்று எழுதுகிறார்கள். வலிப்பு பற்றிய கட்டுரையில், 'வலிப்புத் தாக்கம்' என்று நான்கு வரிக்கு ஒருமுறை வருமிடத்தில், இந்தத் 'தாக்கம்' இடறும். அங்கே மட்டும் 'இதழ்ச் செல்வாக்கு எண்' என்று மாற்றிக்கொள்வது நல்லது.

எழுதும்போது எண்ணோடு அதை எடுத்த இடத்தையும் ஆண்டையும் சேர்த்துவிடுங்கள். எடுத்தாளல்களை எண்ணித் தரும் இணையத் தளங்களில் கூகுள் ஸ்காலர், ஆய்வேடுகளையும் இதழில் வருமுன் பகிரப்படும் முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸ் தன் பட்டியலிலுள்ள வெளியீடுகளை மட்டும் பார்க்கும். ஒரே மருத்துவருக்கு இரண்டும் இரண்டு விதமாகச் சொல்லும்.