இடையறாப் பொறிப்பு: 'கேப்லெஸ்' என்பதற்குத் தமிழ்

தருமபுரியில் சிடி கடைகள் நிறைந்திருந்த காலத்தில் 'ரிப் பண்ணு' (சிடியிலிருந்து பாட்டைக் கணினிக்கு எடு), 'பர்ன் பண்ணு' (வெற்று சிடியில் எழுது) என்ற இரண்டும் எல்லார் வாயிலும் புழங்கிய சொற்கள். 'கேப்லெஸ்' (ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒலி அறுபடாமல் எடுப்பதும் எழுதுவதும்) என்று மூன்றாவதாக ஒன்று இருப்பது ஒரு கூத்துப் பதிவால்தான் எனக்குத் தெரிய வந்தது.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் விடிய விடிய நடந்த அர்ச்சுனன் தபசு கூத்தைப் பதிவு செய்திருந்தோம். ஒரு சிடியில் 80 நிமிடம்தான் கொள்ளும். அதனால் பல சிடிகளாகப் பிரித்து, வேண்டிய கட்டத்தைத் தேடிப் போட வசதியாக ஒவ்வொன்றையும் பல தடங்களாக ('ட்ராக்') வெட்டி, ஒரு கடையில் எழுதி வாங்கினோம். போட்டுக் கேட்டால், அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் இடத்தில், மிருதங்கமும் முகவீணையும் உச்சத்துக்குப் போகும்போது சட்டென்று இரண்டு விநாடி ஒன்றுமே இல்லை. அப்புறம் தாளம் பாதியிலிருந்து வருகிறது. வேஷம் கட்டி ஆடியவரே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இங்க நான் நிறுத்தவே இல்லையே தம்பி" என்றார்.

அந்த இரண்டு விநாடி எங்கிருந்து வந்தது? சிடியில் எழுத இரண்டு முறைகள் உண்டு. 'ட்ராக் அட் ஒன்ஸ்' முறையில் ஒவ்வொரு தடம் முடிந்ததும் லேசர் அணைந்து, அடுத்த தடத்துக்கு மறுபடி எரியும். அந்த நிறுத்தத்தில்தான் வழக்கமாக இரண்டு விநாடி மௌனம் சேர்கிறது. 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையில் லேசர் தொடக்கம் முதல் முடிவு வரை அணைவதே இல்லை. தட எல்லைகள் வெறும் குறிப்பாக மட்டும் பதிவாகும், ஒலி அறுபடாது. எங்களுக்கு எழுதிக் கொடுத்தது முதல் முறையில்.

சரி, இனி சொற்களுக்கு வருவோம்.

'பர்ன்' என்றால் எரித்தல். சிடிக்கு முன்பே, ப்ராம் என்ற நினைவகச் சில்லுகளில் மின்சாரம் பாய்ச்சி நுண்ணிய இணைப்புகளைத் துண்டித்துத் தகவல் எழுதியதற்கும் இதே சொல்தான். வெற்று சிடியில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசரின் சூடு பட்ட இடம் மாறி, அடையாளமாக நிற்கும். கடையில் வாங்கும் பாட்டு சிடி அப்படியல்ல, ஆலையில் அச்சில் அழுத்திக் குழிகள் பதித்தது.

தமிழில் 'எரித்தல்' என்றால் மிஞ்சுவது சாம்பல். 'சுடுதல்' என்றால் "பாட்டைச் சுட்டுட்டான்" என்று திருட்டுப் பொருள் வந்துவிடும். எனக்குச் சரியாகப் படுவது 'பொறித்தல்'. பொறி என்றால் தீப்பொறி, பொறி என்றால் அடையாளம். சூட்டால் உண்டாகும் அடையாளத்துக்கு இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. இமயத்தில் வில் பொறித்தான் சேரன் என்று படித்திருக்கிறோமே, அதே சொல். வல்லின றகரம் முக்கியம். 'பொரித்தல்' எண்ணெய்ச் சட்டியில் நடப்பது. சிடிக்குக் குறுந்தகடு என்ற நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது. தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதால் அந்தச் சொல் மேல் எனக்குத் தனிப் பாசம்.

'ரிப்' என்றால் கிழித்தல், பிய்த்தல். தகட்டிலிருக்கும் பாட்டைக் கணினிக்குக் கொண்டுவருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் தகடு கிழிவதில்லை, அதிலிருந்து எதுவும் குறைவதும் இல்லை. இதற்குச் சொல்லைக் கல்வெட்டுக்காரர்களிடம் வாங்கலாம். எங்கள் மாவட்டத்தில் நடுகற்களுக்குக் குறைவில்லை, தருமபுரி அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாம். கல்லின் மேல் ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். அதற்குப் பெயர் 'படியெடுத்தல்'. கல் அப்படியே இருக்கும், எழுத்து தாளுக்கு வந்துவிடும். 'ரிப்' செய்வதும் இதுதான்.

பெரிய கல்வெட்டு ஒரே தாளில் அடங்காது. பல தாள்களில் படியெடுப்பார்கள், தாளும் தாளும் சேருமிடத்தில் ஓர் எழுத்துகூட விடுபடக் கூடாது. 'கேப்லெஸ்' என்பதன் உயிர் இங்கேதான் இருக்கிறது. 'இடைவெளியற்ற' என்று பலர் எழுதுகிறார்கள். அது பொருளை மாற்றிவிடும். கூத்துக்காரர் தாமே நிறுத்தி மூச்சு வாங்கிய மௌனம் அப்படியே இருக்க வேண்டும், கருவி புகுத்தும் மௌனம்தான் கூடாது. ஆகவே 'இடையறா' என்பதே பொருத்தம். அறு என்றால் துண்டுபடு, அறா என்றால் துண்டுபடாத. இடையறாப் படியெடுப்பு, இடையறாப் பொறிப்பு.

லேசர் அணையாவிட்டாலும் இன்னொரு இடத்தில் அறுபடலாம். குறுந்தகட்டில் ஒரு விநாடி ஒலி 44,100 மாதிரிகளாக ('சாம்பிள்', அந்தந்தக் கணத்தின் ஒலியளவைக் குறிக்கும் எண்), 75 கட்டங்களில் அடுக்கப்பட்டிருக்கிறது. கட்டத்துக்கு 588 மாதிரி. கட்ட எல்லை பார்க்காமல் தடத்தை வெட்டினால், மிச்ச இடத்தை மென்பொருள் வெறுமையால் நிரப்பும். சேருமிடத்தில் 'டிக்' என்று கேட்கும். மறுமுறை பொறித்தபோது தடங்களைக் கட்ட எல்லையில் வெட்டிக் கொடுத்தேன். மரம் ஏறும் இடம் முழுசாக வந்தது.

இப்போது எல்லாரும் கைபேசியில்தான் கேட்கிறார்கள், அங்கேயும் இந்தச் சிக்கல் உண்டு. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக்குகிறது. தடத்தின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். எம்பி3 கோப்பு உருவாக்கும் லேம் என்ற மென்பொருள் அந்த மௌனத்தின் அளவைக் கோப்பிலேயே குறித்து வைக்கும். பாடும் செயலி அந்தக் குறிப்பைப் படித்து வெட்டினால்தான் தடங்கள் சேரும். ஃபிளாக் என்ற இன்னொரு கோப்பு வடிவத்தில் மாதிரிகள் உள்ளது உள்ளபடி இருப்பதால் ஒட்டுவதும் வெட்டுவதும் தேவையில்லை. கூத்துப் பதிவை நான் ஃபிளாக்கில்தான் வைத்திருக்கிறேன்.