முட்டி வலிக்கு முதலில் தொடையைக் கவனியுங்கள்

முட்டி வலி என்று வரும் பெரியவர்களிடம் நான் முதலில் பார்ப்பது தொடையைத்தான். காலை நீட்டி உட்கார வைத்து, முட்டிச் சில்லுக்கு நாலு விரல் மேலே நாடாவைச் சுற்றி அளந்தால், வலிக்கிற கால் பெரும்பாலும் மெலிந்திருக்கும். அதற்குள் கூட வந்த மகளோ மருமகளோ எக்ஸ்ரே கவரைப் பிரித்துவிடுவார்கள். "முட்டி தேய்ஞ்சிருச்சாம் சார். இனிமே அம்மாவை நடக்க விடலாமா?"

கட்டாயம் விடலாம், விடவும் வேண்டும். எக்ஸ்ரேயில் தேய்மானம் நன்றாகத் தெரிந்தும் வலியில்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. லேசான தேய்மானத்துக்கே படியேற முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. பல பேருக்கு இந்த வித்தியாசத்தில் தொடைத் தசைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. உடம்பின் பாரத்தை முட்டியோடு சேர்ந்து தாங்குவது அந்தத் தசைதான். வலிக்கிறதே என்று உட்கார்ந்தால் தசை மெலியும், மெலிந்தால் மூட்டின் மேல் பாரம் கூடும், வலியும் கூடும்.

இன்னொரு விஷயம், மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்புக்கு நேரடியாக ரத்தக் குழாய் கிடையாது. காலை ஊன்றி எடுக்கும்போது பஞ்சு போல அமுங்கி விரிந்து, சுற்றியுள்ள மூட்டுத் திரவத்திலிருந்துதான் ஊட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அசையாத மூட்டுக்கு அதுவும் குறைந்துபோகும். தேய்ந்தது பயிற்சியால் மறுபடி வளரும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் வலி குறையும், நடை தேறும்.

நான் முதலில் சொல்லிக்கொடுப்பது படுக்கையிலேயே செய்யக்கூடியது. காலை நீட்டி, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். அந்தத் துண்டை முட்டியால் கீழே அழுத்துங்கள். தொடை மேல் கையை வைத்துப் பார்த்தால் தசை கல்லாக இறுகுவதும், சில்லு லேசாக மேலே ஏறுவதும் தெரியும். 5 எண்ணும் வரை அப்படியே பிடித்திருந்து, பிறகு தளர்த்துங்கள். இப்படி 10 தடவை. வாய்விட்டு எண்ணச் சொல்வேன், ஏனென்றால் பெரியவர்கள் தெரியாமலேயே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

இது பழகியதும் நாற்காலிக்கு வரலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உயரம் போதாவிட்டால் ஜமக்காளத்தை மடித்து வைத்துக்கொள்ளலாம். பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். அப்புறம் பொத்தென்று விழாமல் மெதுவாக உட்காருங்கள். அந்த மெதுவான உட்காருதலில்தான் தொடை நன்றாக வேலை செய்கிறது. 5 தடவையில் தொடங்கினால் போதும்.

செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வழக்கத்தைவிட அதிகமாக வலித்தாலோ வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். மூன்றாம் நாளே "ஒண்ணும் கேக்கலை" என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

ராத்திரி முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பு. அப்போதைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் நாளடைவில் முட்டி மடங்கியே இறுகி, காலை முழுசாக நீட்ட முடியாமல் போய்விடும். கைத்தடியை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். எடை அதிகம் உள்ளவர்கள் 1 கிலோ குறைத்தாலும் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது.

மெடிக்கலில் வலி மாத்திரையைக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடும் பழக்கம் நம் ஊரில் ரொம்ப இருக்கிறது. வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் எல்லாம் அந்த வழியாக வரலாம். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் வரை மட்டும் போடுங்கள்.

முட்டி சிவந்து சூடாக வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால், கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், பயிற்சியைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தினமும் காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பல மூட்டுகள் இறுகிக் கிடந்தால் அது வேறு வகை மூட்டு வாதமாக இருக்கலாம், அதற்கு மருத்துவமே வேறு.

வெளியே வர முடியாமல் வீட்டோடு முடங்கியிருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து, உங்கள் வீட்டுப் பெரியவரின் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.