திங்கட்கிழமை காலையில் வரும் நாய்க்குட்டிகள்

திங்கட்கிழமை காலை கிளினிக் வாசலில் யாராவது நாய்க்குட்டியோடு காத்திருந்தால், "நேத்து வீட்ல என்ன சமைச்சீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். போன மாதம் அப்படி வந்தது ஒரு மூன்றரை மாத ராஜபாளையம் குட்டி. எச்சில் நூலாக ஒழுகியது. கழுத்தை நீட்டி நீட்டி ஓங்கரித்தது. தண்ணீர் குடித்தால் உடனே வெளியே வந்தது. முதல் நாள் மதியம் குழம்பிலிருந்த மட்டன் எலும்பைப் போட்டிருக்கிறார்கள். குட்டி திணறியதும், நமக்கு மீன் முள் சிக்கினால் செய்வதைப் போலவே சோற்றை உருட்டி ஊட்டியிருக்கிறார் அந்த வீட்டுப் பாட்டி. எக்ஸ்ரேயில் பார்த்தால், நெஞ்சுக்கூட்டுக்குள் உணவுக்குழாயில் எலும்பு குறுக்காக நின்றது. எண்டோஸ்கோப்பி வசதி உள்ள இடத்துக்கு அனுப்பி எடுத்தோம். குட்டி பிழைத்துக்கொண்டது. பாட்டிதான் அழுதுகொண்டே இருந்தார். பாசத்தில் போட்ட எலும்பு அது. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம். கோழியோ ஆடோ மீனோ, எதுவானாலும் சரி. பச்சை எலும்பு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். கொலாஜன் என்ற புரதம் அதற்கு அந்தத் தன்மையைத் தருகிறது. வேகும்போது அந்தப் புரதம்தான் சூப்பில் இறங்குகிறது. மிஞ்சும் எலும்பு நொறுங்கும், சிம்பு சிம்பாகப் பிளக்கும். நன்றாக மென்று பொடியாக்கி விழுங்கினாலும் ஆபத்து தீராது. அந்தப் பொடி மலக்குடலில் சிமெண்ட் போல இறுகி, குட்டி முக்கி முக்கி அழும். வளையமாக வெட்டிய நல்லி எலும்பு கீழ்த்தாடையில் மாட்டி, கோரைப்பல்லைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பி வராது; மயக்க மருந்து கொடுத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். குழம்பில் ஊறிய வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பது தனிக்கதை.

"அப்போ பச்சையா கொடுக்கலாமா டாக்டர்?" என்பார்கள். குட்டிக்கு நான் அதையும் சொல்வதில்லை. மூன்று வாரத்தில் முளைக்கத் தொடங்கும் 28 பால்பற்கள் ஊசிபோல மெலிந்தவை. மூன்றரை, நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். இடையில் ஒரு பால்பல் உடைந்து உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பற்கூழ் திறந்துகொண்டால், அந்தத் தொற்று கீழே காத்திருக்கும் நிலைப்பல்லின் முளையையே கெடுக்கலாம். பச்சை எலும்பில் சால்மொனெல்லா கிருமியும் இருக்கக்கூடும். அதே வாயோடுதானே உங்கள் குழந்தையின் முகத்தை நக்குகிறது?

"எலும்பு தின்றால் எலும்பு வளரும்" என்ற நம்பிக்கையையும் அடிக்கடி கேட்கிறேன். தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை ஒதுக்கும் திறன் இளம் குட்டியின் குடலுக்குக் குறைவு. லாப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு அந்த மிகுதியாலேயே கால் எலும்புகள் கோணலாக வளரலாம். நல்ல குட்டித் தீவனத்தில் போதுமான அளவு ஏற்கெனவே இருக்கிறது.

சரி, கடையில் வாங்கலாமா? பதப்படுத்திய எலும்புத் தீனிகளால் சுமார் 90 நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும், அவற்றில் சுமார் 15 இறந்ததாகவும் தனக்குப் புகார்கள் வந்ததாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத் துறை 2017-ல் எச்சரித்தது. இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு எலும்பு வடிவில் விற்கும் வெள்ளைத் தோல் தீனி, ஊறியதும் கொழகொழவென்று ஒரே உருண்டையாகத் தொண்டைக்குள் போகும். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, காய்ந்து இறுகிய சுர்பி என்ற இமயமலைப் பாலாடைக்கட்டி எல்லாம் பால்பல்லுக்கு மிகக் கடினம்.

கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். விழவில்லையென்றால் உங்கள் குட்டிக்கு அது வேண்டாம். அளவு, முழுதாக வாய்க்குள் போக முடியாததாக இருக்கட்டும். மென்று மென்று சிறிதானதும் எடுத்துவிடுங்கள்.

நான் சொல்வது குட்டிகளுக்கென்றே மென்மையாகச் செய்த, உள்ளே குழிவான ரப்பர் பொம்மை. அதில் உப்பில்லாத தயிரோ மசித்த வேகவைத்த பூசணியோ அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால், பல் முளைக்கையில் நமைக்கும் ஈறுக்கு அவ்வளவு இதம். வேர்க்கடலை வெண்ணெய் என்றால் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். அது நாய்க்கு விஷம். பழைய பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி உறையவைத்தும் கொடுக்கலாம், நூல் பிரியாதவரை, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

மாம்பழ சீசனில் குப்பைக்கூடையை மூடியே வையுங்கள். கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் குடலை அடைத்து, அறுவை சிகிச்சை வரை போகும்.

எதையாவது கவ்விக்கொண்டால் துரத்தாதீர்கள், பயத்தில் அப்படியே விழுங்கிவிடும். பிடித்த தின்பண்டம் ஒன்றை மூக்குக்கு முன்னால் காட்டினால் தானாகவே கீழே போடும்.

விழுங்கிவிட்டதா? சோற்று உருண்டை, வாழைப்பழம், எண்ணெய் எதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. கூரான எலும்பு திரும்பி வரும்போதும் கிழிக்கும். எச்சில் ஒழுகினால், வாயைக் காலால் பிறாண்டினால், தின்றதெல்லாம் வெளியே வந்தால் காலை வரை காத்திருக்காமல் கிளம்புங்கள். சட்டியில் அதேபோன்ற எலும்பு மிச்சம் இருந்தால் ஒன்றைக் கையோடு எடுத்து வாருங்கள். எக்ஸ்ரேயோடு வைத்துப் பார்க்க உதவும்.