மழைக்கு முன்னே தூக்கிப் பார்க்க வேண்டிய மூடி

முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் எங்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "சார், ராத்திரியிலிருந்து மஞ்சள் விட்டு விட்டு எரியுது." சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதனால் போக்குவரத்து சிக்னல் பராமரிப்பில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு மழைக்கால வேலை செப்டம்பரோடு முடிந்திருக்க வேண்டும். முடிகிறதா என்பது வேறு கதை.

அந்த மஞ்சளைப் பார்த்து எல்லோரும் கன்ட்ரோலரை, அதாவது விளக்குகளை மாற்றி மாற்றி எரியவிடும் கருவியைத் திட்டுவார்கள். அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. குறுக்கே வரும் இரண்டு சாலைகளுக்கும் ஒரே நேரத்தில் பச்சை போகிறதோ என்று சந்தேகம் வந்தால், வழக்கமான சுழற்சியை விட்டுவிட்டு மஞ்சளுக்கு மாறும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். ஈரம் ஏறிய கேபிளில் மின்சாரம் கசிந்தால், எரியாத பச்சைக்கும் மின்னழுத்தம் போவதாக அதற்குத் தோன்றும்.

சரி, ஈரம் எங்கே ஏறுகிறது? நான் பார்த்தவரை பெரும்பாலும் கம்பத்தடியில், நடைபாதைக் கல்லுக்குக் கீழே கேபிள் போகும் குழியில், அதாவது சேம்பரில். ஒரு சாலை முனையில் கன்ட்ரோலருக்குள் இருக்கும் மின்னணு கார்டை இரண்டு முறை மாற்றியும் சிக்னல் சரியாகவில்லை. மூன்றாம் நாள் மூடியைத் தூக்கினால், வெறும் கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கோடையில் யாரோ சாலையைத் தோண்டும்போது கேபிளை அறுத்துவிட்டு, இரவோடு இரவாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்களும் மே மாதத்திலிருந்து அந்த மூடியைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மெயினை நிறுத்தி, கன்ட்ரோலர் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, மின்கசிவுக்கு எதிரான தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால், கேபிளுக்குள் இருக்கும் ஒவ்வொரு கம்பியையும் எர்த்தோடு சோதிப்பேன். காய்ந்த நாளில் எந்தக் கேபிளும் நல்ல பிள்ளையாகத்தான் நடிக்கும். அதனால் சேம்பரில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பேன். அந்தத் தடை 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் அந்த ஜாயின்ட்டை வெட்டிப் புதிதாகப் போட வேண்டியதுதான். ஜாயின்ட்டைத் தரையில் கிடத்தாமல் சுவரோடு தூக்கிக் கட்டினாலே பாதித் தொல்லை குறையும்.

மின்சாரம் போனால் சிக்னலை ஓட்டும் பேட்டரியைக் கொல்வது மழை இல்லை, வெயில். 25 டிகிரியில் வாழும் லெட்-ஆசிட் பேட்டரிக்கு, வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அக்னி நட்சத்திரத்தில் இரும்புப் பெட்டிக்குள் கை வைத்துப் பாருங்கள், புரியும். வோல்ட் மீட்டர் 12.6 காட்டுகிறது என்று நம்பிவிடக் கூடாது. மெயினை அணைத்து, சிக்னல் பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நின்று பார்க்க வேண்டும்.

பெட்டியின் அடியில் கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டால் பல்லி குடிவந்துவிடும். அது இரண்டு மின் இணைப்புகளில் ஒருசேரக் கால் வைத்தால் ஃபியூஸ் காலி. எறும்பும் விடாது. பச்சையை மறைக்கும் மரக்கிளையை வெட்டச் சொல்வதையும் அதே சுற்றில் முடித்துவிடலாம்.

எந்தச் சாலைக்கு எத்தனை வினாடி பச்சை என்ற நேரத் திட்டம் இன்னொரு வேலை. மழையில் வண்டிகள் கிளம்பவே தாமதமாகும், இடைவெளி விட்டு நகரும், பிரேக் பிடித்தாலும் நிற்கத் தூரம் எடுக்கும். ஆனியில் போட்ட நேரம் ஐப்பசிக்குப் பொருந்தாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தி.நகர்ப் பக்கம் நெரிசல் நேரமே மாறிவிடும். கன்ட்ரோலரின் கடிகாரத்தையும் பாருங்கள். அடுத்தடுத்த முனைகளில் 20 வினாடி முன்பின் ஆனாலே, ஒரு பச்சையில் கிளம்பியவர் அடுத்த சிவப்பில் போய் நிற்பார்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு: விட்டு விட்டு எரியும் மஞ்சளுக்கு வேகத்தைக் குறைத்து, பார்த்துப் போக வேண்டும். சிவப்பு அப்படி எரிந்தால் முழுதாக நின்றுவிட்டுப் போக வேண்டும். தண்ணீர் தேங்கிய கம்பத்தைத் தொடாதீர்கள், அதில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். தகவல் சொல்லும்போது எந்தச் சாலையைப் பார்த்த கம்பம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், கொட்டும் மழையில் நாங்கள் நாலு மூடியைத் தூக்குவதற்குப் பதில் ஒன்றைத் தூக்கினால் போதும்.